ஒரே கால் அளவு

சிவசங்கரி குளிக்கப் போன நேரம் பார்த்துப் பூமாரி அந்தப் புது பூட்ஸுக்குள் காலை விட்டாள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விரல் இடித்திருந்தாலோ குதிகால் கழன்று வந்திருந்தாலோ, சரி, இது நமக்கு எழுதவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இதுவோ உள்ளே பஞ்சு வைத்தது போல மெத்தென்று காலைப் பிடித்துக்கொண்டது. கொடியில் தொங்கிய ஆரஞ்சு நிற மழைக்கோட்டையும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முதுகுப் பையை மாட்டி, இடுப்பு வாரைப் பூட்டி, மடக்குக் கம்பை இழுத்து நீட்டி, தேயிலைத் தோட்டத்து ஒற்றை அறை லயத்து வீட்டுக்குள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டு நடை நடந்தாள். பீரோக் கண்ணாடியில் தெரிந்தவளுக்கு என்ன குறை? கோட்டின் ஓரத்தில் மாமியார் மாரித்தாய் வைத்திருந்த மஞ்சள் கண்ணில் பட்டதும் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பழையபடி வைத்தாள். சின்ன மருமகளின் புது உடுப்புக்கு வைத்த மஞ்சள் அது.

சிவசங்கரி, பூமாரியின் கொழுந்தன் மனைவி. சின்னக்கானலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் தேயிலை கிள்ளப் போகமாட்டேன் என்று சொன்னவளை, தான் சமைக்கும் சுற்றுலாக் கூடார கேம்ப்புக்குக் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே பூமாரிதான். ஓரகத்திக்கு ஒரு நல்லது செய்த பெருமையில் அன்றைக்கு லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இப்போது நினைத்தால் வயிறு எரிந்தது.

மலை ஏற வரும் பெண்களுக்கு ஒரு பெண்ணே வழிகாட்டியாகப் போக வேண்டும் என்று கேம்ப்பில் முடிவானபோது, மலையாளி மேனேஜர் ஜோமோன் முதலில் பூமாரியைத்தான் கேட்டான். விறகு பொறுக்கப் போய்ப் போய் அந்த மலையில் அவள் கால் படாத இடமில்லை. கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் கேட்டவுடன் தலையை ஆட்டுகிறவள் பூமாரி இல்லை. இன்னொரு வாய் சோறு வைக்கட்டுமா என்றால்கூட முதலில் வேண்டாம் என்பதுதானே மரியாதை? "ஐயோ, எனக்கெதுக்கு சார் அதெல்லாம்?" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தாள். மறுபடி கேட்பான், கொஞ்சம் வற்புறுத்துவான், அப்புறம் சரி என்று சொல்லலாம் என்றிருந்தாள். ஜோமோன், "ஓ, சரி சேச்சி" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சிவசங்கரியைக் கேட்டான். அந்தப் பாவி மகள், "போறேன் சார்!" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். குட்டைப் பாறை வழி எங்கே பிரிகிறது என்றுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அதையும் பூமாரியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கேம்ப்பில் கொடுத்த புது பூட்ஸ் காலைக் கடிக்கும், விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாளே ஒரு முறை ஏறி இறங்கிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஜோமோன் சொல்லியிருந்தான். பூமாரி போட்டுப் பார்த்த அன்று மதியமே சிவசங்கரி அதையெல்லாம் மாட்டிக்கொண்டு மழையில் கிளம்பினாள். பூமாரி கேம்ப் அடுக்களையில் வெங்காயம் உரித்தபடி, தேயிலைச் சரிவில் அந்த ஆரஞ்சுப் பொட்டு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

திரும்பி வந்தவள் தொப்பலாக நனைந்திருந்தாள். "அக்கா, ஒரு அட்டைகூட உள்ள ஏறல பாருங்க!" என்று காலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜீப் கிளம்புகிறது என்று ஓடினாள். அவள் போன பிறகு ஜோமோன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"சேச்சி, அந்த பூட்ஸ நெருப்புப் பக்கம் வைக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லணும் கேட்டோ. பசை விட்டுப் போகும். உள்ள பேப்பர் திணிச்சு வச்சா போதும்."

"சொல்லிருதேன் சார்" என்றாள் பூமாரி. சொல்லத்தான் நினைத்தாள்.

அவள் வீடு சேர்ந்தபோது மாரித்தாய் பூட்ஸைக் கழுவித் துடைத்து, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் கவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் துணியோ செருப்போ எதுவானாலும் காய்கிற இடம் அதுதான். ஜோமோன் சொன்னது பூமாரிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா மாமியார் வாயைத் திறக்க வேண்டும்!

"பாத்தியாட்டி, மலைக்குக் கூட்டிட்டுப் போக நம்ம வீட்லருந்து ஒருத்தி! எல்லாரும் கேக்காக. இவளுக்கு இருக்க தைரியம் யாருக்கு வரும்?"

வந்த சொல் உள்ளே போய்விட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தட்டுகளைக் கழுவினாள். சோறு உண்டார்கள். மாரித்தாய் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள். பூட்ஸிலிருந்து ரப்பர் வாசம் மெல்ல இறங்கியது. பூமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. உள்ளே நான்கைந்து பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரி வாசல்படியில் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக் கட்டி எழுந்தாள். முதல் அடியிலேயே வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. இன்னொரு அடி வைத்தாள். இடதும் பிளந்தது.

"என் கையாலயே கெடுத்துட்டேனே!" என்று மாரித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். பூமாரியின் உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது, உடனே அதற்காகக் கூசியது. எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. இனி யார் போவது? மலை தெரிந்தவள் ஒருத்திதான் இந்த வாசலில் நிற்கிறாள். இந்த முறை கேட்டால் முதல் வார்த்தையிலேயே சரி என்று சொல்லிவிட வேண்டும்.

சிவசங்கரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, முன்னால நீங்க கொழுந்து கிள்ளப் போட்டுட்டுப் போவீகளே, அந்தக் கம்பூட்ஸ் இருக்கா?"

"அது எதுக்குட்டி? உனக்குச் சேராது."

"சேரும்க்கா. நேத்து இதப் போட்டுப் பாத்தீகல்ல, சரியாத்தான இருந்துச்சு? கயிறு கட்டியிருந்தத வச்சே நீங்கதான்னு தெரிஞ்சிச்சு." குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நமக்கு ஒரே அளவு."

கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்ததும் பூமாரிதான். சைக்கிள் டியூபை வெட்டி அவளே ஒட்டுப் போட்ட கறுப்பு ரப்பர் கம்பூட்ஸ். சிவசங்கரி அதற்குள் காலை விட்டுத் தரையில் இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டு ஓடினாள். ஜீப்பின் முன் இருக்கையிலிருந்து ஜோமோன் அந்தக் காலைப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற பூமாரியைப் பார்த்தான். அவன் எதுவும் கேட்பதற்குள் வண்டி நகர்ந்தது.

மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவில் அவர்கள் வரிசையாக ஏறுவது தெரிந்தது. முன்னால் ஆரஞ்சுக் கோட்டு, அதற்குக் கீழே இரண்டு கறுப்புப் புள்ளிகள். குட்டைப் பாறையில் அவை சரியான பக்கம் திரும்பின. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற பூமாரி, தன் கம்பூட்ஸ் தன்னை விட்டுவிட்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.