கல்லு சொன்ன எண்

அந்த வெல்டிங் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தீப்பொறி பட்டு எவன் "ஆ" என்று வாயைத் திறக்கிறானோ, அன்று எல்லோருக்கும் டீ அவன் செலவு. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட டீ வாங்காத ஆள் ஒருவர்தான். காலருக்குள் பொறி புகுந்து முதுகில் இறங்கினாலும், கண்ணை ஒருமுறை சிமிட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். அதனால் அவருக்குக் கல்லு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் வீட்டுக்காரிக்கே பாதி மறந்துவிட்டது.

இந்தக் கல்லுக்குத்தான் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. சிறுநீரகத்தை வெட்டி எடுத்த இரண்டாம் வருடம், நோய் இடுப்பெலும்பில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்த நாளிலிருந்து இவரால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். சுவரில் தோளைச் சாய்த்து, நின்ற வாக்கிலேயே கண்ணயர்ந்தார். கேட்டால், "நமக்கு நின்னு நின்னே பழகிப்போச்சு" என்பார். பொய் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா?

கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மாதாமாதம் மருத்துவமனையில் நர்ஸ் கேட்பார்: "சைபர்ல இருந்து பத்துக்குள்ள, வலி எவ்வளவுங்க?"

"மூணு" என்பார் கல்லு. வியர்வை புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்.

ஐந்து மாதம், ஐந்து மூணு. மூணு என்று சொல்கிறவருக்கு என்ன செய்வார்கள்? மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆறாவது மாதம் வீட்டுக்காரி விடவில்லை. ஊசி வழியாகவே கட்டிக்கு வைத்தியம் செய்யும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"தோல் வழியா ஊசி விட்டு, எலும்புல இருக்கற கட்டியைச் சுடலாம், இல்லன்னா உறைய வைக்கலாம். பெருசா கிழிக்க வேண்டியதில்ல."

"சுட்டுடுங்க" என்றார் கல்லு. "நெருப்பு நமக்குச் சொந்தக்காரன் மாதிரி."

டாக்டரம்மா சிரித்தார். "பக்கத்துலயே ஒரு நரம்பு ஓடுது. பனி எதுவரைக்கும் பரவுதுன்னு ஸ்கேன்ல கண்ணால பாக்கலாம். சூடு அப்படித் தெரியாது. உங்களுக்குக் குளிர்தான் சரி. ஆனா..." ஃபைலைப் புரட்டினார். "வலி மூணுதான்னு இருக்கே. மூணுக்கெல்லாம் ஊசி குத்த மாட்டோம். மாத்திரைக்கு அடங்காத வலிக்குத்தான் இது. இப்போதைக்கு மாத்திரையே போதும்."

ஃபைல் மூடப்பட்டது. கல்லு வாசலைப் பார்த்தார். திரும்பிப் போனால் வீட்டில் அதே சுவர் காத்திருக்கிறது. அவர் தோள் பட்டுப் பட்டு அழுக்கேறிய இடம்கூடத் தெரியும். அப்படியும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்காரி அவர் காதருகே குனிந்தாள். "டீ நான் வாங்கித் தரேன். சொல்லித் தொலைங்க."

கல்லுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, இடுப்பில் இருக்கிறதே, அதன் மேல். இவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில்தானே அது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது! ஐந்து மாதமாக அதற்குக் காவல் காத்தது இவரேதான்.

"ஒன்பது!" என்றார். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படுத்தா பத்து. அஞ்சு மாசமா பொய் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்தார்.

மறு வாரம் அவரை ஸ்கேன் இயந்திரத்தில் குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டார்கள். கல்லு ஓரக்கண்ணால் பக்கத்திலிருந்த சிலிண்டரைப் படித்தார். ஆர்கான்.

"இது எங்க பட்டறை கேஸாச்சே! இதை வெச்சுத்தான் ஸ்டெயின்லெஸ் குழாய் ஒட்டறேன்."

"அதே கேஸ்தான். இங்க ஊசிக்குள்ள அழுத்தமா வந்து விரியும்போது உறைய வைக்கும்" என்றார் டாக்டரம்மா. மூன்று ஊசிகள் இறங்கின. பத்து நிமிடம் உறையவைத்து, இளகவிட்டு, மறுபடி உறையவைத்தார்கள். திரையில் கட்டியைச் சுற்றிப் பனி உருண்டையாகத் திரண்டது. "உங்க நோய் இதோட போயிடும்னு சொல்ல மாட்டேன். வலி குறையும்னு நம்பறோம்."

"இருக்கட்டும் டாக்டரம்மா. இருந்தா வாயை மூடிட்டு இருக்கட்டும். இனிமே நான் மூட மாட்டேன்."

மூன்று வாரம் கழித்து நர்ஸ் கேட்டபோது "ரெண்டு" என்றார். வீட்டுக்காரி நம்பவில்லை. "எங்க, உக்காந்து காட்டுங்க" என்று இரும்பு நாற்காலியை நகர்த்தினாள். கல்லு உட்கார்ந்தார். முழுசாக, இரண்டு பக்கமும் பதிய. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

உட்கார்ந்து செய்கிற வேலையென்றால் செய்யலாம் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஸ்டூலைப் போட்டு, முகமூடியை இறக்கி வேலையில் இறங்கிய கால்மணி நேரத்தில், பக்கத்து மேசையிலிருந்து ஒரு பொறி பறந்து வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. எல்லோரும் அந்தக் கண் சிமிட்டலுக்காகப் பார்த்தார்கள்.

"ஆ!"

தகரக் கூரை அதிர்ந்தது. கிரைண்டர் நின்றுபோனது. "கல்லண்ணே, என்னாச்சு?" என்று ஃபிட்டர் ஓடிவந்தார்.

"வலிச்சுது. சொன்னேன்." கல்லு முகமூடியைத் தூக்கினார். "இந்தச் சட்டமெல்லாம் இன்னையோட சரி. வலிச்சா கத்துங்கடா. இன்னைக்கு எல்லாருக்கும் டீ சொல்லு."

"உங்க செலவாண்ணே?"

"என் வீட்டுக்காரி செலவு. அவ அப்பவே வாக்கு குடுத்துட்டா."

டீ வந்தது. எல்லோரும் நின்றபடி குடித்தார்கள். கல்லு உட்கார்ந்து குடித்தார்.