அட்டையில் குறையும் மாத்திரைகள்

...இவராகத்தான் இருக்கும், வேறு யார், நேற்று வாங்கிய வலி மாத்திரை அட்டையில் பாதியைக் காணோம், வீட்டில் இருப்பது நானும் அம்மாவும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும்தான், அம்மா தலைவலிக்கே மாத்திரை தொடமாட்டாள். தாத்தாவைக் கேட்டால் "எந்த மாத்திரைம்மா?" என்பார், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். மறதி நோயாம். குழாயை மூட மறக்கிறவர் பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிறாரே, அது மட்டும் எப்படி? ஐயோ, அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி முறுக்குகிறது, வெந்நீர்ப் பையும் ஆறிவிட்டது... துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, லீவு கேட்டால் "மாசாமாசம் உனக்கு மட்டும்தான் வருதா?" என்கிறார் சூப்பர்வைசர், இன்னொரு லீவு என்றால் வேலையே போய்விடும். அம்மாவோ அவருக்கு மேல், "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்." இதில் இருக்கிற மாத்திரையையும் திருடினால் எரிச்சல் வராதா?

அதனால்தான் அட்டையை வேண்டுமென்றே கூடத்து மேசையில் வைத்துவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தபடி படுத்திருக்கிறேன். இதோ வருகிறார், ஒன்றைப் பிதுக்கி எடுக்கிறார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றால் எழ முடியவில்லை... ஆனால் வாயில் போடவில்லையே, தம்ளரில் தண்ணீரோடு என் அறைக்கே வருகிறார், சட்டைப் பையில் வேறு வெள்ளையாக நாலைந்து மாத்திரை. எனக்குக் கொடுக்க எடுத்து, வழியிலேயே எதற்கென்று மறந்து, பைக்குள் போட்டவையா? இல்லை, மாட்டிக்கொண்டதும் நடிக்கிறாரா?

"போன மாசமும் இப்படித்தானே துடிச்சே," என்கிறார். தூக்கிவாரிப் போடுகிறது. என் பெயரே நினைவில்லாதவருக்குப் போன மாதம் நினைவிருக்கிறதாமே, அப்படியானால் எல்லாம் நடிப்புதான், பாவி மனுஷன்... ஆனாலும் இப்படி ஒரு வார்த்தை இந்த வீட்டில் வேறு யார் சொன்னார்கள்?

"எழுந்திரு, இன்னிக்காவது டாக்டர்கிட்ட போயிடலாம். பாப்பாவைப் பக்கத்து வீட்ல விட்டுடலாம்."

எந்தப் பாப்பா? குழந்தை ஏது இங்கே... அம்மாவைத்தான் அவர் இன்னமும் பாப்பா என்பார். அப்படியென்றால் இவர் பார்ப்பது என்னை இல்லை, நான் பிறக்கும் முன்பே செத்துப்போன பாட்டியை. எப்படிச் செத்தாள் என்று கேட்டால் அம்மா "ஏதோ வயித்து வலி" என்று பேச்சை மாற்றுவாள், அப்போது அம்மாவுக்கு விவரம் தெரிகிற வயதுதான், பாட்டி துடித்ததையும் செத்ததையும் கண்ணால் பார்த்திருப்பாள். அப்படியானால் இத்தனை வருஷமாக என்னை ஒரு டாக்டரிடமும் கூட்டிப் போகாதது, என் வலியை அம்மா நம்பாததாலா... நம்பியதாலா?