நூல் கட்டும்போது சொல்வது

“அப்ப நான் கிளம்பவா?”

“போயிட்டு வாங்க.”

“வேற ஒன்னும் சொல்ல மாட்டியா பாக்கியம்?”

“என்னத்தச் சொல்ல? பணியாரத்த இன்னைக்கே சாப்பிட்டுருங்க. ஊசிப் போயிரும்.”

“ரெண்டு வருஷம் ஆகும்.”

“தெரியும். பெட்டிய கால் பக்கத்துலயே வச்சிக்கங்க.”

1972 நவம்பரில் இலங்கையின் தெமோதரை ஸ்டேஷனில் நடந்த பேச்சு இது. அவ்வளவுதான் பேசினார்கள். ரயில் வளைவில் மறைந்ததும் பாக்கியலெட்சுமி இடுப்பில் இருந்த குழந்தை கோமதியை மறுபக்கம் மாற்றிக்கொண்டு மலையேறினாள். சொல்ல நினைத்தது ஒரே ஒரு சொல். ‘போகாதீங்க.’

அவள் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிய அப்பாவை அம்மா வெற்றிலைப் பைக்காகத் திரும்பக் கூப்பிட்டாள். அன்று மத்தியானம் தேயிலைக் கொழுந்து லொறி புரண்டு அப்பா அதன் அடியில் கிடந்தார். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா என்று தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க அம்மாவைக் கேட்டது. அம்மா அதன் பிறகு யாரையும் எதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் பாக்கியம்.

கணவன் நல்லையா அவளுடைய அத்தை மகன். அந்தத் தோட்டத்தில் பல்கலைக்கழகம் வரை போன ஒரே ஆள். பட்டம் வாங்கி வந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருந்தான். ஆசிய நாடுகளிலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து லாவோஸுக்கு அனுப்பும் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டான். அங்கே அந்த நாட்டு மொழியும் பண்பாடும் படிக்க வேண்டும். படிக்கும்போதே அந்த மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு. முடித்து வந்தால் கொழும்பில் நல்ல வேலை கிடைக்கலாம், லயத்தை விட்டுப் போகலாம் என்பது அவன் கணக்கு.

“லாவோஸா? அது எந்தத் தொரையோட தோட்டம்?” என்று அடுத்த அறையான காம்பராவில் குடியிருந்த கருப்பம்மா கேட்டாள்.

“தோட்டமில்லக்கா, நாடு.”

“அங்க கொழுந்து இருக்கா?”

“இல்ல. நெல்லுதானாம்.”

“அப்பச் சரி. வயித்துக்கு மோசமில்ல.”

மாதம் ஒரு கடிதம் வந்தது. பாக்கியம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, மாமனார் முருகையாவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிப்பாள். வியன்டியன் நகரத்தில் ஒரு மரவீட்டில் வகுப்பு. கூடப் படிப்பவர்களில் பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், ஜப்பான் பெண்கள் இரண்டு பேர். மூங்கில் கூடையில் அவித்த ஒட்டுச் சோற்றை எல்லோரும் ஒரே கூடையிலிருந்து கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள். போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர்களின் முகாமில் சனி, ஞாயிறு தொண்டு.

ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்:

‘இங்கே யாராவது ஊருக்குக் கிளம்பினால் சுற்றி உட்கார்ந்து கையில் வெள்ளை நூல் கட்டுகிறார்கள். ஒரு மனிதனுக்கு முப்பத்திரண்டு உயிர்கள் உண்டாம். துக்கத்திலும் பயத்திலும் ஒன்றிரண்டு வழியிலேயே நின்றுவிடுமாம். அவற்றை வா வா என்று கூப்பிட்டுத்தான் கட்டுகிறார்கள். கட்டுகிறவர் மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கட்டினால் அது வெறும் நூல்தான் என்கிறார் எங்கள் ஆசிரியை.’

“கிளம்புறவனையா கூப்பிடுறாங்க?” என்று முருகையா கேட்டார்.

“அப்படித்தான் எழுதியிருக்கு மாமா.”

“அவுங்களுக்கு ஒன்னும் ஆகுறதில்லையாமா?”

அதற்குப் பதில் அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாக்கியம் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

எழுபத்து மூன்று முடிவதற்குள் கூப்பனுக்கு அரசு கொடுக்கும் அரிசி பாதியானது. மாவுக்கும் தட்டுப்பாடு. எழுபத்து நான்கில் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் பெயர் போட்டார்கள். பதுளையில் பலீல் நானா தன் கடை வாசலில் நின்று, “இல்ல புள்ள, அல்லாமேல ஆணை, ஒரு கொத்து அரிசி கூட இல்ல,” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தன் வீட்டுக்கு வைத்திருந்த குரக்கன் என்ற கேழ்வரகு மாவில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அது இரண்டு நாளைக்கு வந்தது. கீரை தீர்ந்தது. மரவள்ளிக் கிழங்கு தீர்ந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் ஒரே லயத்தில் மூன்று பேர் பட்டினியால் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அது யாருக்கும் செய்தியாக இல்லை.

அந்த நேரத்தில் வந்த கடிதத்தில் முகாமில் அரிசி அளந்து கொடுக்கும் வேலை தனக்குக் கிடைத்திருப்பதாக நல்லையா எழுதியிருந்தான். தலைக்கு இத்தனை தகரக் குவளை. வரிசை கிணற்றடி வரைக்கும் நீளுமாம்.

கோமதிக்கு அப்போது நான்கு வயது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மாவின் மடியில் தலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா எல்லாருக்கும் அரிசி குடுக்குறாரா?”

“ஆமா.”

“நாமளும் அங்க போவோமா?”

பாக்கியம் கடிதத்தை மடித்தாள். உள்ளதை எழுதினால் அவன் வந்துவிடுவான். ஆனால் அது பின்னாலிருந்து கூப்பிடுவது அல்லாமல் வேறென்ன? கடல் தாண்டிப் போனவன், சண்டை நடந்த நாடு. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் லொறிச் சக்கரத்துக்கு அருகில் கிடந்த அப்பாவின் கைதான் கண்ணுக்குள் வந்தது. ‘இங்கு எல்லோரும் சௌக்கியம்’ என்று எழுதினாள்.

ஆடி மாதம் கோமதிக்கு வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குத் தப்படிக்கிற நேரத்தில் போய்விட்டாள். பதின்மூன்றாம் நம்பர் மலையடியில், கொழுந்துச் செடிக்கும் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில் முருகையா குழி வெட்டினார். சாப்பிடாத உடம்பு. இரண்டு தடவை உட்கார்ந்து எழும்பித்தான் வெட்டி முடித்தார்.

“மாமா, அவருக்கு எழுத வேணாம். முடிச்சிட்டு வரட்டும்.”

முருகையா தலையசைத்தார்.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. அங்கே பெண்கள் தறியில் நெய்து கட்டும் பாவாடை மிகவும் அழகு, கோமதிக்கு ஒன்று நெய்யச் சொல்லியிருக்கிறேன், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு நூலில் அளந்து அனுப்பு என்று எழுதியிருந்தான்.

பாக்கியம் அந்தக் கடிதத்தை நான்கு நாள் ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் மாவுச் சாக்கின் வாயைத் தைத்திருந்த வெள்ளை நூலை உருவி எடுத்துக்கொண்டு கருப்பம்மா வீட்டுக்குப் போனாள். கருப்பம்மாவின் பேத்திக்கும் நான்கு வயதுதான்.

“புள்ளய ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கக்கா.”

கருப்பம்மா எதற்கு என்று கேட்டாள். பாக்கியம் சொன்னாள். கருப்பம்மா பேத்தியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பாக்கியம் அளந்து, முடிச்சுப் போட்டு, நூலைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினாள்.

கார்த்திகையில் நல்லையா வந்தான். அதே ஸ்டேஷன். கறுத்து, மெலிந்து, இரண்டு மணிக்கட்டிலும் பத்துப் பன்னிரண்டு அழுக்கு நூல்களோடு இறங்கினான். கையில் ஒரு காகிதப் பொட்டலம். கண் கீழேயே தேடியது.

“கோமதி எங்க? வீட்டுலயா?”

முருகையா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆடி மாசம் போயிட்டா,” என்றாள் பாக்கியம்.

அவன் புரியாதவன்போல அவளையே பார்த்தான்.

“ஐப்பசி வரைக்கும் எழுதுனியே. சௌக்கியம்னு எழுதுனியே.”

“எழுதினேன்.”

“அளவு நூல் அனுப்புனியே.”

“அது கருப்பம்மா பேத்தி அளவு.”

அவன் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தான். பிறகு எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். பாதி மலை ஏறிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“ஏன் சொல்லல?”

“போனவங்களக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்னு.”

“நான் அங்க அரிசி அளந்துக்கிட்டு இருந்தேன், பாக்கியம். எம் புள்ள இங்க…”

அதைப் பற்றி அதற்கு மேல் அவன் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மறுநாள் மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் குளிக்கும்போது கையிலிருந்த நூல்களையெல்லாம் பிளேடால் அறுத்துத் தண்ணீரில் விட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போனான், வந்தான். பாவாடைப் பொட்டலம் பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்தது. மகளை எங்கே வைத்திருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று பாக்கியம் காத்திருந்தாள். பதின்மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் நாட்களில் தன் பங்குச் செடி நிரையை முடித்துவிட்டு, கானோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். அவளாகச் சொன்னால் அவன் மேல் குற்றம் சுமத்துவதுபோல் ஆகுமோ என்று பயமாக இருந்தது. அவனும் தன்னைக் குற்றவாளியாகத்தான் பார்க்கிறானோ என்றும் பயமாக இருந்தது. ஒரே பாயில் இரண்டு ஓரங்களில் படுத்தார்கள்.

மாசியில் அந்தத் திட்டத்துக்காரர்களின் கடிதம் வந்தது. முகாமில் இருந்தவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பப் போகிறார்கள், மொழி தெரிந்தவர்கள் தேவை, மறுபடியும் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பயணச் சீட்டும் வந்துவிட்டது.

“போறியாப்பா?” என்று முருகையா கேட்டார்.

“இங்க இருந்து என்ன செய்யப் போறேன்? அங்க போனா நாலு பேருக்காவது உதவியா இருக்கும்.”

“பாக்கியத்துக்கிட்ட கேட்டியா?”

“அவ வேணாம்னு சொல்ல மாட்டா.”

அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தவளுக்கு அது காதில் விழுந்தது.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கருப்பம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரட்டுல கங்காணிக்கு எதுத்துப் பேசுற வாயி, வீட்டுக்காரரக் கண்டா கொழுந்து அடைச்ச மாதிரி ஆயிருதா?”

“கிளம்புறவங்கள நிப்பாட்டக் கூடாதுக்கா.”

“நீதான் போன தடவ நிப்பாட்டலையே. நல்லா நடந்துச்சா?”

பாக்கியம் கூடையைத் தராசில் மாட்டினாள். அன்று எத்தனை இறாத்தல் என்று சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. அவன் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். சட்டைகளுக்கு அடியில், சுழி சுழியான லாவோ எழுத்து நிறைந்த அவனுடைய கொப்பி இருந்தது. அதை எடுத்தபோது நடுவிலிருந்து ஒரு நூல் நழுவி விழுந்தது. மாவுச் சாக்கு நூல். ஒரு முனையில் அவள் போட்ட முடிச்சு. எல்லா நூலையும் அறுத்துப் போட்டவன் இதை மட்டும் வைத்திருக்கிறான். இது தன் மகளின் அளவு இல்லை என்று தெரிந்த பிறகும் வைத்திருக்கிறான்.

அவள் நூலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். கொப்பியை வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. முருகையா பெட்டியைத் தலையில் தூக்கி முற்றத்தில் நின்றார். நல்லையா செருப்பை மாட்டிக்கொண்டு, “அப்ப நான் கிளம்பவா?” என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்வி. பாக்கியம் கைக்குள் இருந்த நூலை இறுக்கிக்கொண்டாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வாசற்படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான்.

“என்னங்க.”

முருகையா பெட்டியோடு திடுக்கிட்டுத் திரும்பினார். “ஏம்மா, கால வெளிய வச்சவன…”

“இருக்கட்டும் மாமா.”

அவள் படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

“கைய நீட்டுங்க.”

அவன் அவள் உள்ளங்கையில் இருந்த நூலைப் பார்த்தான். கையை நீட்டினான். குழந்தையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வந்த நூல் அவன் மணிக்கட்டை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றியது. முதல் முடிச்சுப் போட்டாள்.

“சொல்லாமக் கட்டுனா வெறும் நூலுன்னு எழுதுனீங்களே,” என்றாள். இரண்டாவது முடிச்சை இறுக்கினாள். கையை விடவில்லை.

“நம்ம புள்ள பதிமூணாம் நம்பர் மலையடியில, கானோரத்துல கெடக்கு. நான் தனியாத்தான் போயிப் பார்த்துட்டு வர்றேன். அந்தப் பாவாடைய எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. போகாதீங்க.”