பரந்தாமனைக் கொல்லச் சொன்னவள்

அண்ணாமலையார் கோயிலில் உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டால், கிழக்குக் கோபுர வாசலில் தேங்காய் கற்பூரம் விற்கிறவர்களுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஆதிலட்சுமி மட்டும் கடைத் தட்டியை இறக்கிக் கட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு, தேரடித் தெருவைத் தாண்டிப் பாகம்பிரியாள் வீட்டுக்கு நடப்பாள்.

பாகம்பிரியாள், கோயில் குருக்கள் ஒருவரின் மனைவி. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. மத்தியானம் பெண்களுக்கான நேரத்தில் 'எட்டாம் நம்பர் வீடு' என்றொரு தொடர் நாடகம் வரும். அதைக் கேட்கத் தெருவிலிருக்கிற பெண்கள் கூடிவிடுவார்கள். மாமி ஆசாரம் பார்க்கிறவள். கூடத்தில் அவள் உறவுக்காரப் பெண்கள், வாசலை அடுத்த ரேழியில் மற்றவர்கள். கம்பவுண்டர் மனைவி தனமும், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மகள், கல்யாணத்துக்குக் காத்திருந்த சரோஜாவும், ஆதிலட்சுமியும் ரேழியில் உட்காருவார்கள். பெட்டியின் சத்தம் இரண்டு இடத்துக்கும் ஒரேமாதிரிதான் கேட்டது.

நாடகத்தில் பரந்தாமன் என்று ஒரு கணவன். பெண்டாட்டி வைதேகி கண்ணைத் துடைத்தால் போதும், அவன் குரல் அப்படியே கனிந்துவிடும். "நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை, வைதேகி?" என்பான். கூடத்திலும் ரேழியிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். தனம் ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்: "இப்படி ஒரு ஆம்பள எந்த ஊர்ல பொறந்தானோ!"

எந்த ஊர் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும். தண்டராம்பட்டுப் பக்கம், அவள் மாமியார் ஊர். பரந்தாமனாகப் பேசிய சகாதேவன் அவளுக்குத் தாலி கட்டியவன்.

அவன் நாடகக் கம்பெனியோடு ஓடினபோது அவள் நிறைமாதமாக இருந்தாள். குழந்தை பிறந்தது, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அவள் அண்ணன் முருகையன் மெட்ராசுக்குப் போய், கம்பெனி வாசலில் அவனைப் பிடித்து, "கொழந்த செத்துப்போச்சு, ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா" என்று கெஞ்சினான். சகாதேவன் பக்கத்திலிருந்த நடிகர்களைப் பார்த்துச் சிரித்தபடி, "யாரோ ஆள் மாறி வந்துட்டாரு பாவம். எனக்குக் கல்யாணமே ஆகலையே!" என்றானாம். அதைச் சொன்ன குரலும் தேனாகத்தான் இருந்ததாம். முருகையன் திரும்பி வந்து சொல்லி அழுதான். ஆதிலட்சுமி அழவில்லை. மாமியார் வீட்டை விட்டு வெளியேறி, டவுனுக்கு வந்து கடை போட்டாள். புருஷன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, மெட்ராசில் வேலை என்றாள்.

பிறகு ஒருநாள் மாமி வீட்டு வாசலில் பூஜைக்குத் தேங்காய் கொடுக்கப் போனவள், உள்ளே ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாடகம் முடிந்து நடித்தவர்கள் பெயரை வாசித்தபோது சந்தேகமும் தீர்ந்தது. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் வந்தாள். மற்றவர்கள் அவன் பேச்சைக் கேட்டு உருகினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான் வந்தாள்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் ஒரு செய்தி சொன்னார். நேயர்களிடம் 'எட்டாம் நம்பர் வீடு'க்கு முன்பிருந்த ஆதரவு இல்லை. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்கள். நாடகம் எப்படிப் போகலாம் என்று நேயர்கள் தங்கள் யோசனையை எழுதலாம்.

மாமி பெட்டியை அணைத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"நிறுத்திடுவாளாமே! இது என்னடி அநியாயம்?" என்றாள் மாமி.

"கேக்கறவங்க கம்மியாயிட்டாங்க மாமி," என்றாள் சரோஜா. "நெஜமாவே ஒரு மாசமா ஒண்ணுமே நடக்கல. காபி குடிக்கறாங்க, பேசறாங்க, திரும்பவும் காபி குடிக்கறாங்க. வைதேகி தங்கச்சிக்கு ஒரு காதல் வச்சா நல்லா இருக்கும்."

"காதலும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம்," என்றாள் மாமி. "வைதேகிக்கு ஒரு குழந்தை பொறக்கட்டும். வளைகாப்பு, சீமந்தம்னு ஆறு மாசம் ஓட்டலாம்."

"மாமியாரக் கொண்டாங்க," என்றாள் தனம். "நல்லா வாயாடியா ஒரு மாமியா. தெனம் சண்ட. எங்க வூட்டுக்கு வந்து பாத்தா ஒரு வருசத்துக்குக் கத கெடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் நேரம் ஆதிலட்சுமி பேசினாள். அந்த வீட்டில் அதுவரை நாடகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பரந்தாமனக் கொன்னுடணும்."

மாமி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி சொன்னே?"

"அவன் செத்துடணும் மாமி. அவன் இருக்கற வரைக்கும் அந்த வூட்ல என்னா நடக்கும்? அவ அழுவா, இவன் தொடப்பான். அவன் பூட்டா அப்புறம் பாருங்க. அழுதா கேக்க ஆளு இருக்காது. சொந்தக்காரங்க வந்து பத்து நாளு பாய்ல உக்காந்து சாப்ட்டுட்டுப் பூடுவாங்க. அடுத்த மாசம் எதிர்ல பாத்தா வேற பக்கம் திரும்பிக்குவாங்க. கொழுந்தன் வூட்டக் காலி பண்ணுன்னுவான். அரிசி வாங்கப் போனா கடைக்காரன் ஒரு மாதிரியா பாப்பான். அதெல்லாம் தாண்டி அவ எப்படிப் பொழைக்கறான்னு சொல்லட்டும். கேக்காம எந்தப் பொம்பள எழுந்து போவா?"

 தனம் வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் இருந்தாள்.

"ஐயோ, அவர் குரலக் கேக்கத்தானே நாம வர்றோம் அக்கா," என்றாள் சரோஜா மெல்ல.

"குரலுக்காக வந்தா நாடகம் நின்னுடும். நிக்கட்டுமா?"

அன்று முடிவாகவில்லை. அடுத்த நாளும் வாதம் நடந்தது, அதற்கடுத்த நாளும். வைதேகியை விதவையாக்குவது பாவம் என்று மாமி சொன்னாள். ஆதிலட்சுமி விடவில்லை. தன் கதையைத் தன்னது என்று சொல்லாமல் துண்டு துண்டாக எடுத்துப் போட்டாள். கடைசியில் மாமியே, "ஆதி சொல்றதுலதான் உசிர் இருக்கு. எழுதுடி சரோஜா" என்று சொல்லிவிட்டாள்.

"எப்படிச் சாகறதுன்னு எழுதறது?" என்று கேட்டாள் சரோஜா. "காய்ச்சல்ல படுத்து, வைதேகி மடியில தலை வச்சு, ரெண்டு வார்த்தை பேசிட்டு..."

"கூடாது!" ஆதிலட்சுமியின் குரல் உயர்ந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு சொன்னாள்: "பேசவே கூடாது. வெளியூர் போன எடத்துல செத்தான்னு தந்தி வரணும். சொல்லாம கொள்ளாம போனாதான் மனசுல நிக்கும்."

மடியில் தலை வைத்துச் சாகவிட்டால் அவன் அதையும் உருகி உருகிப் பேசுவான், ஊரே அழும், அவனுக்கு மாலை விழும். அந்தக் கடைசிப் பேச்சுகூட அவனுக்குக் கிடைக்கக் கூடாது. வாசலில் நின்று அவளிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டா போனான் அவன்?

கார்த்திகை தீபம் வந்தது. தேங்காய் வாங்க வந்த பெண்களிடமெல்லாம் ஆதிலட்சுமி அதே பேச்சுத்தான். "உங்க ஊர்ல ரேடியோ இருக்காம்மா? 'எட்டாம் நம்பர் வீடு' கேப்பீங்களா? நிறுத்தப் போறாங்களாம். பரந்தாமனக் கொன்னுடுங்கன்னு ஒரு கார்டு போடுங்க." வேலூர்க்காரி, விழுப்புரத்துக்காரி, போளூர்க்காரி என்று யாரையும் விடவில்லை. சிலர் பைத்தியமோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர், "அட, நல்ல யோசனையா இருக்கே" என்றார்கள். மலை உச்சியில் தீபம் ஏறியபோது ஊரே கைகூப்பி அரோகரா என்றது. அவளும் கூப்பினாள். அவள் வேண்டிக்கொண்டதை அண்ணாமலையாரைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

மார்கழியில் ஒரு மத்தியானம் நாடகம் தந்திக்காரன் குரலோடு தொடங்கியது. வைதேகி கதறினாள். ரயில் விபத்து. பரந்தாமன் போய்விட்டான், ஒரு வார்த்தை பேசாமல். மாமி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தாங்களே எழுதிக் கேட்ட சாவுக்குத் தனமும் சரோஜாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். முடிவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. சகாதேவன் பெயர் அதில் இல்லை. ஆதிலட்சுமி அது முடியும்வரை காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு எழுந்து போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

நாடகம் பிழைத்துக்கொண்டது. வைதேகி எப்படி வாழ்கிறாள் என்று கேட்க ரேழியில் இடம் போதாமல் போயிற்று.

பங்குனி வெயிலில், நடை சாத்துகிற நேரத்தில், கடை முன்னால் ஒருவன் வந்து நின்றான். ஜிப்பா பழசாக இருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

"ஆதி," என்றான்.

அவள் தேங்காய்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"உங்கண்ணனப் பாத்து விசாரிச்சேன். டவுன்ல கோபுரத்தாண்ட கடைன்னாரு. ஆதி, என்னை நாடகத்துலருந்து எடுத்துட்டாங்க. திருவண்ணாமலைலருந்தும் சுத்துப்பக்கத்து ஊருங்கள்லருந்தும் கட்டுக் கட்டா கார்டு வந்துதாம். எல்லாத்துலயும் அவனக் கொல்லு, பேசவிடாதன்னு இருந்துதாம். இந்த ஊர்ல எனக்கு யாரு அப்படி..." அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "நீயா?"

"நான்தான்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுவே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். ரேடியோவில் வைதேகிக்காகத் தாழ்ந்த அதே குரல். "நான் பண்ணது தப்புதான். ஆனா, இப்ப நீ நெனச்சா சரி பண்ண முடியும். தந்தி தப்பு, அவன் பொழச்சிருக்கான்னு எழுதச் சொல்லு. ஜனங்க எழுதினா எடுத்துக்குவாங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் மெட்ராஸ்ல..."

"எழுதறவங்க வேற எடத்துல இருக்காங்க. வா, கேளு," என்றாள் ஆதிலட்சுமி. தட்டியை இறக்கிக் கட்டினாள்.

அவன் தலையை வாரிக்கொண்டு பின்னால் வந்தான். மாமி வீட்டில் நாடகம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. ரேழி நிறையப் பெண்கள். ஆதிலட்சுமி வாசற்படியில் அவனை நிறுத்தி, "மாமி, இவரு யாருன்னு தெரியுதா?" என்று கேட்டு, அவன் பக்கம் திரும்பி, "நீ பேசு," என்றாள்.

அவன் கைகூப்பி, "அம்மாமார்களுக்கு வணக்கம்," என்றான்.

குரல் காதில் விழுந்ததும் சரோஜா, "ஐயோ, பரந்தாமன்!" என்று எழுந்துவிட்டாள். ஒரே ஆரவாரம். யாரோ உட்காரப் பலகை எடுத்துவர ஓடினார்கள். சகாதேவன் முகம் மலர்ந்தது. அந்த முகம் நன்றாக மலரட்டும் என்று ஆதிலட்சுமி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"இவரு என் புருசன். வயித்துப் புள்ளையோட என்ன வுட்டுட்டு ஓடினவரு. புள்ள செத்து, எங்கண்ணன் போய்க் கூப்ட்டப்போ, எனக்குக் கல்யாணமே ஆவலன்னு சிரிச்சவரு. இப்ப பரந்தாமன் உயிரோட வரணும்னு நீங்கல்லாம் எழுதணுமாம். கேக்க வந்திருக்காரு."

பலகை எடுத்து வந்தவள் அதைக் கீழே வைக்காமல் நின்றாள். மாமி கூடத்திலிருந்து எழுந்து ரேழிக்கு வந்தாள்.

"நெஜமா?" என்று அவனைக் கேட்டாள்.

"அம்மா, வயசு அப்படி, அறியாம..." அவன் அதே கனிந்த குரலில் தொடங்கினான்.

"அந்தக் குரல் வேண்டாம். அதுக்கு எத்தனை நாள் அழுதிருக்கேன் நான்! ஆமாவா இல்லையா?"

அவன் தலை குனிந்தது.

"அப்போ, செத்தவன் செத்தவன்தான். போங்கோ."

தனம் எழுந்து வந்து வெற்றிலைச் சாற்றை அவன் காலடியில் துப்பினாள். அவன் படியிறங்கினான். தெருவில் இறங்கித் திரும்பி, "ஆதி" என்று ஒருமுறை கூப்பிட்டான். அவள் வாசற்படியிலேயே நின்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெயிலில் அவன் நடந்து மறைவதைத் தெருமுனைவரை பார்த்தாள். ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே திரும்பியபோது மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க எல்லாரையும் வச்சு உன் பழியைத் தீர்த்துண்டுட்டே," என்றாள்.

"ஆமா மாமி."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

மாமி கொஞ்சம் யோசித்தாள். "ரயில் விபத்து போதாதுன்னு எழுதியிருப்பேன்," என்றாள்.

தனம் பக்கென்று சிரித்தாள். ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.  செத்த குழந்தையின் நினைவு வந்தது. அதற்கு இதனாலெல்லாம் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரிந்தது. ஆனாலும் செய்ததில் அவளுக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. இன்னொரு தரம் வந்தாலும் இதையேதான் செய்வாள்.

அன்று கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. வயிற்றைக் கிள்ளியது. எத்தனையோ வருஷமாகப் பசி என்று தெரியாமல் ஏதோ தின்று வந்தவள், தேரடிக்குப் பக்கத்து ஓட்டலில் நுழைந்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு மசால் தோசை கொண்டுவரச் சொன்னாள். தின்று முடித்து, சட்னியை விரலால் வழித்துவிட்டு, இன்னொன்றும் சொன்னாள்.