பீரங்கி மட்டும்

வண்டியில் ஆளுக்கு ஒரு பைதான் என்று கணவனின் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, "படக்காரிக்கு மட்டும் ரெண்டு பை. அவ சாமான் எல்லாம் வரணும்ல?" என்று தாராளமும் காட்டினார். அந்தத் தாராளத்தைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புகுந்த வீட்டில் அவளுக்குப் படக்காரி என்றுதான் பெயர். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது தொழில். வருஷம் முழுக்க மேடைக்குக் கீழே நின்று, "தாடையை இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க, ஓரத்துல நிக்கிற அண்ணே, உள்ள வாங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறவள். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனாலும் அதே கத்தல்தான். போன தடவை கடற்கரைக்குப் போனார்கள். ஒருத்தர் கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி ஒரு படம், ஒருத்திக்கு முடி பறந்துவிட்டது என்று மறுபடி ஒரு படம், இப்படியே பொழுது சாய்ந்தது. கடலுக்குப் போய்க் கால் நனைக்காமல் திரும்பிய ஒரே பிறவி அவள்தான். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன்காரரின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்கும் வேலை வேறு. அந்த இரண்டாவது தாடை அவர் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்த்தது. அதைக் கரைக்கிற பொறுப்பு மட்டும் எப்படியோ அவள் தலையில் விழுந்திருந்தது.

கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். இரண்டு கேமரா, பிளாஷ், முக்காலி, அகல லென்ஸ், அப்புறம் நீள லென்ஸ். கூட்டமாக நிற்கிறவர்களை அள்ளி உள்ளே போட்டுக்கொள்வது அகல லென்ஸ். நீள லென்ஸுக்கு வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் பீரங்கி. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். பக்கத்தில் இருப்பவர்களைச் சட்டை பண்ணாது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்டுடியோ மொட்டைமாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பருந்து பார்ப்பாள். அவள் வாழ்க்கையில் யாரும் கேட்காமல் எடுத்த படங்கள் அவை மட்டும்தான்.

"அதை எதுக்கு எடுத்து வைக்கறே? அதுல நம்ம மூக்கு மட்டும்தானே தெரியும்?" என்றான் கணவன்.

"உங்க மூக்கை யாரு எடுக்கப் போறா? அந்த ஏரிக்கு நாரை வருதாம்."

"அகல லென்ஸையும் வெச்சுக்கோயேன். கையளவு சாமான்."

"வெச்சா எடுக்கணும். எடுத்தா நாள் முழுக்க எடுக்கணும். கிடைக்கிறது மூணு நாள். அந்த மூணு நாளாவது என் கண்ணு எனக்கு வேணும்."

"அண்ணன் கோவிச்சுக்குவாரே."

"கோவிச்சுக்கட்டும். வேற யாராவது படம் எடுக்கும்போது சிரிச்சுக்கட்டும்."

ஒரு கேமரா, ஒரு பீரங்கி. மற்றதெல்லாம் அலமாரிக்குள் போயிற்று. பூட்டிவிட்டுச் சாவியை வழக்கமான ஆணியில் மாட்டினாள். அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

ஏரிக்கரையில் வாடகை வீடு. போய் இறங்கியதும் அண்ணன்காரரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, முதல் வேலையாக வீட்டிலிருந்து தூக்கி வந்த அடுப்பை இறக்கினாள். எங்கே போனாலும் அடுப்பு கூடவே போகும். வெளிச் சாப்பாடு அண்ணன்காரருக்கு ஒத்துக்கொள்ளாது.

படக்காரி பீரங்கியோடு தண்ணீர் ஓரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். கோரைக்குள் ஏதோ வெள்ளையாக அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் படியிலிருந்து கைதட்டல் கேட்டது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அண்ணன்காரர் நடுவில் நிற்க, குடும்பமே வரிசை கட்டி நின்றது.

"படக்காரி, வா வா. வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு நாலஞ்சு எடுத்துடு."

"மாமா, என்கிட்ட இந்த லென்ஸ் ஒண்ணுதான் இருக்கு. இதுல எல்லாரும் விழணும்னா நான் அந்தக் கரைக்குப் போய் நிக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன்காரர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் கணவன் வரிசையை விட்டு ஓடி, தன் பையைத் துழாவி, காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த அகல லென்ஸை அப்படியே எடுத்து வந்தான். கவிழ இருந்த குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

"மறந்துட்டியோன்னு நான் எடுத்து வெச்சேன்," என்று அவள் கையில் கொடுத்தான்.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. மறப்பதாவது! அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் உறைத்துவிட்டது. லென்ஸைக் கையில் வைத்தபடி அவள் அசையாமல் நின்றாள்.

"என்ன, பொருந்தலையா?" என்றார் அண்ணன்காரர். ஒருமுறை அவளுடைய பிறந்தநாளுக்கு அவரே பார்த்து ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்து, அது அவள் கேமராவில் சேராமல், இன்றுவரை காகிதம் பறக்காமல் இருக்க மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. எல்லா லென்ஸும் எல்லாக் கேமராவிலும் சேராது என்பது அன்றிலிருந்து குடும்பத்துக்கே தெரியும்.

கணவன் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஆமாண்ணே, இது பழைய கேமராவோடது போல. பொருந்தாது." சொல்லிவிட்டு, தலையாட்டிவிடேன் என்பது போல அவளைப் பார்த்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது இல்லை, மூன்று நாளும் நாரைதான். ஆனால் அடுத்த தடவை? பொருந்துகிற லென்ஸாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். அவ்வளவுதான்.

"பொருந்தும் மாமா. அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஆனா நான் போட மாட்டேன்."

"ஏன்?"

"நான் லீவுல வந்திருக்கேன்."

"ஒரு பட்டனை அமுக்குனா கை தேஞ்சா போயிடும்?"

"தேயாதுன்னா நீங்களே அமுக்குங்க. போன் இருக்குல்ல?"

"போன்ல எடுத்தா மூஞ்சி உப்பித் தெரியுதும்மா!"

"இருக்கிறதுதான் மாமா தெரியும்."

யாரோ சிரிப்பை விழுங்கிய சத்தம் கேட்டது. அண்ணன்காரர் முகம் சிவந்தது. "லீவு உனக்கு மட்டுமா? எல்லாருக்கும்தான் லீவு. உங்க அக்கா பாரு, வந்ததும் அடுப்பைப் பத்த வெச்சுட்டா. அவ ஏதாவது சொல்றாளா?"

சும்மா நின்றவளை அவர் வம்பாக இழுத்துவிட்டார். ஓரகத்தி மெதுவாகத் திரும்பினாள்.

"ஏங்க, எனக்கும் லீவுதானா?"

"பின்ன?"

"இது தெரியாம அடுப்பைத் தூக்கிட்டு வந்துட்டேனே." வரிசையை விட்டு விலகி உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. திரும்பி வந்து, "ராத்திரிக்குக் கடைல வாங்கிட்டு வாங்க. எல்லாருக்கும்," என்றாள்.

கடை அக்கரையில். அண்ணனும் தம்பியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தார்கள். கிளம்பும்போது கணவன் அவள் பக்கத்தில் வந்து தயங்கினான். காலுறையை அவன் கையில் திணித்தாள். லென்ஸைக் கொடுக்கவில்லை.

ஓரகத்தி வந்து அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் தண்ணீரில் காலை அளைந்தார்கள்.

"அதுல அக்கரை தெரியுமா?"

படக்காரி பீரங்கியை அவள் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஓரகத்தி இப்படியும் அப்படியும் தேடினாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அங்கே அண்ணன்காரர் இரண்டு கையிலும் பொட்டலங்களோடு, சட்டை வெளியே வந்து, வாயைத் திறந்து தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். தம்பி, கிழிந்த பையிலிருந்து உருண்டோடும் பழங்களைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"எடு, எடு, எடுத்துத் தொலை! ஐயோ, நீதான் எடுக்க மாட்டியே?"

"இது வேலை இல்லக்கா," என்று சொல்லி அழுத்தினாள்.

இருவரும் தலையை முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். ஓரகத்தி படத்தைப் பெரிதாக்கிக் கணவரின் முகத்தில் நிறுத்தினாள்.

"ரெண்டு தாடையும் விழுந்திருக்குடி."

"விழட்டும் அக்கா. இந்தத் தடவை ஒண்ணையும் கரைக்கப் போறதில்ல," என்றாள் படக்காரி. பீரங்கியை வாங்கிக் கோரைப் பக்கம் திருப்பினாள்.