எதற்கும் மாற்றாகாத பம்ப்

1984 கோடையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தண்ணீர் பம்ப் மின்சாரமோ டீசலோ இல்லாமல் ஓட ஆரம்பித்தது; அதற்கப்புறம் நிற்கவேயில்லை. அதை வரைந்தவள் செலின், முத்தாபுதுப்பேட்டைக்காரி, கஜபதியின் கம்பெனியில் இன்ஜினியர். தொழில்நுட்பத்தில் நாடு சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அரசாங்கம் முந்தைய வருஷம்தான் கொள்கை அறிவித்திருந்தது. இறக்குமதிச் சரக்குக்கு மாற்று செய்தால் சலுகை கிடைக்கும் என்று கேள்விப்பட்ட கஜபதி, செலினை ஒரு பம்ப் வரையச் சொன்னார். சோதனையன்று கரண்ட் போனது. பம்ப் ஓடிக்கொண்டேயிருந்தது. செலின் ஒயரைப் பிடுங்கினாள். அப்போதும் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னாம்மா பண்ணி வச்சிகீறே?” என்று கஜபதி பிடுங்கிய ஒயரை எடுத்துப் பார்த்தார்.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி பம்பைச் சுற்றி வந்தார், டீ குடித்தார், இது எந்த வெளிநாட்டு பம்புக்கு மாற்று என்று கேட்டார். எந்த நாட்டிலும் இப்படி ஒன்று இல்லை என்றாள் செலின். அப்படியானால் இது எதற்குமே மாற்று அல்ல, அங்கீகரிக்க விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு கைகூப்பிவிட்டுப் போனார். பம்ப் ஓடியதைவிட இதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் கண்ணைக்கூட அகல விரிக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே கேட்டு, அதே டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

1991இல் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவு திறந்தது, கேள்வியும் மாறியது. நல்ல புடவை கட்டிக்கொண்டு நம்பிக்கையோடு அரசாங்க அலுவலகத்துக்குப் போன செலினிடம், இந்தத் தொழில்நுட்பத்தை எந்த வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். யாரிடமும் வாங்கவில்லை என்றாள். புதிய விதியில் அதற்கும் இடமில்லை.

கஜபதி ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். அங்கிருந்து வரும் வரைபடங்களைச் சரிபார்ப்பது செலினின் வேலையானது. “நீயே எட்த்துக்கினு போம்மா, இத்தப் பாக்கச்சொல்லோ மனசு ஒரு மாதிரி ஆவுது” என்று பம்பைக் கொடுத்துவிட்டார். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து வீட்டுக் கிணற்றடியில் இறக்கினாள். வழியெல்லாம் அது ஓடிக்கொண்டே வந்தது.

அடுத்து வந்த கோடையில் தினமும் கரண்ட் போக, தெருவே குடத்தோடு வந்தது. இது எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்பார்களா என்று செலின் வாசலிலேயே நின்றாள். ஒருநாள் எதிர்வீட்டுக் கன்னியம்மாள் குனிந்து பம்பின் பின்பக்கம் பார்த்தாள். செலின் ஓரடி கிட்டே போனாள்.

“இன்னா செலினு, ஒயரே காணோம்?”

செலின் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாள் நிமிர்ந்துவிட்டாள்.

“நல்லதாப் போச்சு. பசங்க ஆடுற எடம்.”

செலின் உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்துவந்து, வரிசையில் கன்னியம்மாளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.