என் பக்க மைதானம்

பாளையங்கோட்டை டென்னிஸ் கிளப்பில் ஜெயிப்பவன் நிற்கும் பக்கத்து மைதானத்தை நீட்டிவிடுவார்கள். ஜெர்மன் யுத்தம் முடிந்ததிலிருந்து நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தின் பின் எல்லைக்கோடு வண்ணார்பேட்டையைத் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது.

எதிர்ப்பக்கம் அதே அளவுக்குச் சுருங்கியது.

"இம்புட்டு தூரம் ஓட முடியலை சார்," என்று காரியதரிசி வேதமாணிக்கத்திடம் சொன்னேன்.

"ஊர்ல ஒருத்தனுக்கும் இம்புட்டு இடம் கிடையாது. உமக்கு இன்னும் என்னவே குறை?"

நான் அமெச்சூர். ஆடுவதற்குப் பிரதியாக எதையும் வாங்கக் கூடாது. கைதட்டலும் கூலிதான் என்று கிளப் தீர்மானித்தது. ஜனங்கள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வசவுக்குத் தடையில்லை. என் தையல்காரர் வைதார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் எழுந்து நின்று வைதார். மனப்பூர்வமாக வைதார்கள். நான் நன்றாக ஆடினேன்.

என் மனைவி ரெபேக்காள் மட்டும் வையவில்லை. ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேதமாணிக்கம் விசில் ஊதினார்.

"இது சம்பளம்."

"என் சம்சாரம் சார்."

"எதிராளி சிரிச்சா சம்பளம் ஆகாது. அவங்களை அந்தப் பக்கம் நிறுத்திருவோம்."

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. வழக்கமாக என்னோடு ஆடும் ஹாரப் துரை பருத்த மனிதர். எதிர்ப்பக்கத்தில் அவர் இனிமேல் கொள்ளமாட்டார். ரெபேக்காள் ஒல்லி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துரையின் மட்டையை வாங்கினாள். அவள் மட்டையைத் தொட்டதே கிடையாது. அவள் அடித்த முதல் பந்து என்னைக் கடந்து போனது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

"இதுலயும் நான் ஜெயிச்சா அவ எங்க நிப்பா?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறவன் கேக்க வேண்டிய கேள்வி இல்லவே அது."

தோற்க முடிவு செய்தேன். பந்தை ஆற்றுப் பக்கம் அடித்தேன். காற்று அதைத் திருப்பி அவள் பக்கம் போட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். பந்து பஸ்ஸில் பட்டு முறையாகத் திரும்பிப் போனது.

ரெபேக்காளின் குரல் வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தது.

"ஏங்க, வேணும்னு தோக்காதீங்க. எல்லாரும் பாக்காவ."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் முன்னால் மட்டமாக ஆட மனம் வரவில்லை. அடுத்த பந்தை முழுப் பலத்தோடு அடித்தேன். என் வாழ்நாளிலேயே அழகான அடி அதுதான். அவளுக்கு அது எட்டவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

வசவு சாயங்காலம்வரை ஓயவில்லை. ஆட்டம் முடிந்தால் எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். வலையை நோக்கி நடந்தேன். பனைமரங்கள் வந்தன. பிறகு கூடாரங்கள் வந்தன. அடுத்த யுத்தம் ஆரம்பமாகியிருந்தது. என் மைதானத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள்.

"எங்கவே போறீரு?" என்று ஒரு சுபேதார் கேட்டார்.

"எதிராளியைப் பாக்க."

"எங்க இருக்கான்?"

"தெரியலை. அந்தப் பக்கம்னு சொன்னாங்க."

"எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

அவர் நகர்ந்து வரிசையில் எனக்கு இடம் விட்டார். மட்டையை எந்தத் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்.